மெயில் அனுப்பியாச்சு, ஆனால் வரலையாம்: ராமநாதபுரம் கரையோரத் தொழில்களுக்கான கேள்வி பதில்

ராமேஸ்வரம் லாட்ஜ், மண்டபம் நண்டுக் கம்பெனி, கீழக்கரை ஏற்றுமதி அலுவலகம், முண்டு மிளகாய் மொத்த வியாபாரம் என்று இந்தப் பக்கம் மெயிலை நம்பித் தொழில் செய்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கம்ப்யூட்டர் படித்தவர்களுக்காக எழுதவில்லை. உங்கள் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடம் எதைச் செய்யச் சொல்ல வேண்டும் என்று தெரியும் அளவுக்கு விவரம் இருக்கும்.

"செண்ட்" என்று காட்டுகிறது. வாங்குகிறவர் வரவே இல்லை என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். போனிலோ கம்ப்யூட்டரிலோ நீங்கள் அனுப்பியதும் மெயில் போவது உங்களுக்குச் சேவை தரும் நிறுவனத்தின் சர்வருக்கு, அதாவது மெயிலைக் கையாளும் அவர்களுடைய கம்ப்யூட்டருக்கு மட்டும். அவுட்லுக்கில் செட்டிங் போடும்போது 587 அல்லது 465 என்று ஒரு போர்ட் எண் கேட்குமே, அந்த வழிதான் இது. திரையில் "செண்ட்" என்று வருவது அந்தக் கட்டத்தோடு சரி.

அப்புறம் அந்த சர்வர், எதிர்ப்பக்க டொமைனுக்கு (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) மெயில் வாங்கும் சர்வர் எது என்று டி.என்.எஸ்.ஸில், அதாவது இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் தேடும். அந்த விவரம் உள்ள பதிவுக்கு எம்.எக்ஸ். என்று பெயர். கிடைத்ததும் 25ஆம் போர்ட்டில் தொடர்புகொண்டு, "நான் இன்னார், இன்னாரிடமிருந்து இன்னாருக்கு மெயில் கொண்டுவந்திருக்கிறேன்" என்று சொல்லும். எஸ்.எம்.டி.பி. என்கிற இந்த முறைக்கு ஜான் போஸ்டல் 1982இல் எழுதிய விதிகள்தான் இன்றைக்கும் அடிப்படை. அப்போது இணையத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர். ஒருவரை ஒருவர் நம்பினார்கள். அதனால் அனுப்புகிறவர் சொல்லும் பெயர் உண்மையா என்று பார்க்கும் ஏற்பாடே அதில் வைக்கப்படவில்லை. இன்றைக்கு நாம் படும் பாட்டில் பெரும்பகுதி அங்கிருந்து தொடங்குகிறது.

எதிர்ப்பக்க சர்வர் 250 என்று பதில் சொன்னால் மெயிலை வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். வாங்கிய பிறகு இன்பாக்ஸில் போடுவதா, ஸ்பேமில் தள்ளுவதா என்பது முழுக்க அதன் முடிவு. எவ்வளவு பணம் கட்டினாலும் அந்த முடிவை நீங்கள் எடுக்க முடியாது. "நூறு சதவீதம் இன்பாக்ஸ்" என்று விற்க வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நாம் யார் என்று நிரூபிக்கலாம், அனுப்பும் பழக்கத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம். நம் கையில் இருப்பது அந்த இரண்டும்தான்.

பாம்பன் பக்கம் நெட் சரியாக இருப்பதில்லை. அதனால்தான் தாமதமாகிறதா?

பெரும்பாலும் இல்லை. உங்கள் அவுட்பாக்ஸை விட்டு மெயில் கிளம்பிவிட்டால் உங்கள் நெட்டுக்கு அதில் வேலை முடிந்தது. அவுட்பாக்ஸிலேயே நின்றால் மட்டும் நெட்டைப் பாருங்கள்.

"மெயிலர் டீமன்" என்று இங்கிலீஷில் ஏதோ திரும்பி வருகிறது. அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். ஏன் போகவில்லை என்பதை எதிர்ப்பக்கம் எழுதிக் கொடுத்திருக்கும் காரணம் அது. முழுவதும் புரியாவிட்டாலும் உள்ளே இருக்கும் மூன்று இலக்க எண்ணைத் தேடுங்கள்.

எண் 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடங்கல். அவர்கள் சர்வர் பிஸியாக இருக்கலாம், பெட்டி நிறைந்திருக்கலாம். சில சர்வர்கள் முன்பின் தெரியாத இடத்திலிருந்து மெயில் வந்தால் முதல் முறை வேண்டுமென்றே 450 அல்லது 451 சொல்லித் திருப்பி அனுப்பும். ஒழுங்கான சர்வர் என்றால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வரும், ஸ்பேம் அனுப்புகிற புரோகிராம் பெரும்பாலும் வராது என்பது கணக்கு. உங்கள் சர்வர் தானாகவே மறுபடி மறுபடி முயற்சி செய்யும். நான்கைந்து நாள் வரை முயல வேண்டும் என்பது விதி. அதனால் இடையில் நீங்கள் அதே மெயிலைப் பத்துத் தடவை அனுப்பத் தேவையில்லை.

எண் 5இல் தொடங்கினால் முடிந்தது, திரும்ப முயல மாட்டார்கள். 550 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை. பெயரில் ஒரு எழுத்து தப்பியிருக்கும், அல்லது அந்த ஆள் வேலையை விட்டுப் போயிருப்பார். அந்த முகவரியை உடனே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லாத முகவரிகளுக்குத் தொடர்ந்து அனுப்புகிறவர்களை சர்வர்கள் ஸ்பேம்காரர் வரிசையில்தான் வைக்கும். 5.7 என்று தொடங்கும் எண்கள் வந்தால் விஷயம் வேறு: முகவரி சரி, உங்கள் மேல்தான் சந்தேகம். ஜிமெயில் தரும் 550 5.7.26, நீங்கள் யார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்கிறது. அதற்கான மருந்து கீழே எஸ்.பி.எஃப். பற்றிய பதிலில் இருக்கிறது.

தம்பி, முப்பது வருசமாகக் கருவாட்டு யாவாரம். ஜிமெயில் முகவரியே போதாதா?

நாலு பேருக்கு பில் அனுப்பவும் விலை பேசவும் போதும் அண்ணாச்சி. இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 500 பேருக்குத்தான் அனுப்ப முடியும், அதுவும் உங்களுக்கு எட்டாத எண்ணிக்கை. வெளிநாட்டு பார்ட்டி வந்துவிட்டால், அல்லது வெப்சைட்டிலிருந்தும் பில்லிங் சாப்ட்வேரிலிருந்தும் தானாக மெயில் போக வேண்டும் என்றால் மட்டும் சொந்த டொமைன் தேவை. ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு வேறொரு சர்வர் வழியாக அனுப்பினால் அது பொய் முகவரி போலத்தான் தெரியும்.

டொமைன் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பக்கம் பல கடைகளின் டொமைன், வெப்சைட் செய்து கொடுத்தவரின் பெயரிலும் அவர் மெயில் முகவரியிலும் பதிவாகியிருக்கிறது. அவர் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டால் புதுப்பிக்கவும் முடியாது, கீழே சொல்லும் பதிவுகளைச் சேர்க்கவும் முடியாது. பதிவு உங்கள் பெயரில் இருக்கட்டும்; லாகின் விவரம் உங்கள் வீட்டு பீரோவிலும் ஒரு காகிதத்தில் இருக்கட்டும்.

எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க். மூன்றும் எதற்கு? ஒன்று போதாதா?

மூன்றும் மூன்று வேலை செய்கின்றன. மூன்றுமே டி.என்.எஸ்.ஸில் நீங்கள் சேர்க்கும் சிறிய வரிகள். தனிச் செலவு இல்லை.

எஸ்.பி.எஃப். என்பது உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அனுமதி என்ற பட்டியல். விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் கொடுக்கிறதே, அந்தப் பட்டியலில் இல்லாத படகு போனால் கேள்வி வருகிற மாதிரி, இந்தப் பட்டியலில் இல்லாத சர்வரிலிருந்து உங்கள் பெயரில் மெயில் வந்தால் எதிர்ப்பக்கம் சந்தேகப்படும். இங்கே எல்லோரும் தடுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். வரிதான் இருக்கலாம். அலுவலக மெயிலுக்கு ஜோஹோ ஒரு வரி கொடுக்கும், விளம்பர மெயில் அனுப்பும் சேவை இன்னொரு வரி கொடுக்கும். இரண்டையும் தனித்தனியாகச் சேர்த்துவிட்டால் இரண்டுமே செல்லாமல் போய்விடும். ஒரே வரிக்குள் இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். அப்படிச் சேர்த்துக்கொண்டே போனாலும் அந்த வரியைச் சரிபார்க்க டி.என்.எஸ்.ஸில் 10 தேடலுக்கு மேல் தேவைப்படக் கூடாது. தாண்டினால் அதுவும் பிழை. எப்போதோ பயன்படுத்தி விட்டுவிட்ட சேவைகளை வரியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எஸ்.பி.எஃப்.ஃபுக்கு ஒரு பலவீனம் உண்டு. உங்கள் வாடிக்கையாளர் தன் கம்பெனி மெயிலை ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் செய்து வைத்திருந்தால், கடைசியில் ஜிமெயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய சர்வர். உங்கள் பட்டியலில் அது இல்லை, சோதனையில் தோற்றுவிடும். இங்கேதான் டி.கே.ஐ.எம். கைகொடுக்கிறது. அனுப்பும் சர்வர் ரகசியச் சாவி ஒன்றால் ஒவ்வொரு மெயிலிலும் டிஜிட்டல் கையெழுத்துப் போடும். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி உங்கள் டி.என்.எஸ்.ஸில் இருக்கும். வழியில் யாரும் மெயிலைத் திருத்தாதவரை எத்தனை கை மாறினாலும் கையெழுத்து செல்லும். 2048 பிட் சாவி போடச் சொல்லுங்கள்.

டிமார்க் இந்த இரண்டையும், வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியோடு சேர்த்துக் கட்டுகிறது. சோதனையில் தேறியது உங்கள் டொமைன்தானா, அல்லது விளம்பர மெயில் கம்பெனியின் டொமைனா என்று பார்க்கும். தேறாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லி வைக்கலாம்: நன் (none) என்றால் ஒன்றும் செய்யாதே, குவாரன்டைன் என்றால் ஸ்பேமில் போடு, ரிஜெக்ட் என்றால் வாங்காதே. முதல் நாளே ரிஜெக்ட் போடுவது வம்பு. நீங்கள் மறந்துபோன பில்லிங் சாப்ட்வேரின் மெயிலும் சேர்ந்து நின்றுவிடும். நன் என்று ஆரம்பித்து, ஜிமெயில் போன்றவை அனுப்பும் அறிக்கைகளைச் சில வாரம் பார்த்து, உங்கள் பெயரில் எங்கெங்கிருந்தெல்லாம் மெயில் போகிறது என்று தெரிந்துகொண்டு அப்புறம் இறுக்குங்கள். ஆனால் நன் என்பதிலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்துவிடாதீர்கள். நன் யாரையும் தடுக்காது.

லாட்ஜ் வெப்சைட்டில் ரூம் புக் செய்கிறார்கள். அவர்களுக்கும் உறுதி மெயில் போகவில்லை, எங்களுக்கும் தகவல் வரவில்லை. தை அமாவாசை நேரம் வேறு.

நான் பார்க்கும் பிரச்சினைகளில் அதிகம் இதுதான். ராமேஸ்வரத்தில் அமாவாசைக்கு முந்தின நாள், வடநாட்டிலிருந்து வந்த குடும்பம் பணம் கட்டிய ரசீதோடு கவுண்டரில் நிற்கும், ரிசப்ஷனில் அந்தப் பெயரே இருக்காது.

காரணம் பெரும்பாலும் இரண்டு. முதலாவது, வேர்ட்பிரஸ் போன்ற வெப்சைட்டுகள் எதுவும் சொல்லாவிட்டால், வெப்சைட் இருக்கும் ஹோஸ்டிங் சர்வரிலிருந்தே நேரடியாக மெயிலைத் தள்ளிவிடும். அந்த சர்வர் உங்கள் எஸ்.பி.எஃப். பட்டியலில் இருக்காது, டி.கே.ஐ.எம். கையெழுத்தும் போடாது. மலிவான ஹோஸ்டிங் என்றால் ஒரே ஐ.பி. முகவரியை, அதாவது இணையத்தில் ஒரு சர்வரை அடையாளம் காட்டும் எண்ணை, நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் பகிர்ந்துகொள்ளும். அதில் ஒன்றை யாராவது ஹேக் செய்து ஸ்பேம் அனுப்பினால் உங்கள் பெயரும் சேர்ந்து கெடும்.

இரண்டாவது, படிவம் செய்தவர் வசதிக்காக, புக் செய்கிற யாத்ரீகரின் முகவரியையே அனுப்புநர் இடத்தில் போட்டிருப்பார். நீங்கள் பதில் போட்டால் நேராக அவருக்குப் போகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அவர் முகவரி யாஹூவில் இருந்தால் என்ன ஆகும்? யாஹூ 2014இலேயே தன் டொமைனுக்கு டிமார்க் ரிஜெக்ட் என்று அறிவித்துவிட்டது. யாஹூ பெயரைச் சொல்லிக்கொண்டு உங்கள் ஹோஸ்டிங் சர்வரிலிருந்து வரும் மெயிலை எதிர்ப்பக்கம் வாங்காது.

தீர்வு இது: அனுப்புநர் முகவரி எப்போதும் உங்கள் சொந்த டொமைனில் இருக்கட்டும். யாத்ரீகரின் முகவரியைப் பதில் போக வேண்டிய முகவரி, அதாவது ரிப்ளை டு இடத்தில் போடுங்கள். வெப்சைட் தானாக மெயில் அனுப்புவதை நிறுத்தி, உங்கள் மெயில் கணக்கின் வழியாகவோ அல்லது இதற்கென்றே இருக்கும் ஜோஹோவின் ஜெப்டோமெயில், அமேசானின் எஸ்.இ.எஸ். மாதிரி சேவை வழியாகவோ போகும்படி எஸ்.எம்.டி.பி. செட்டிங்கை மாற்றுங்கள். எஸ்.இ.எஸ். எடுத்தால் ஆரம்பத்தில் சோதனை நிலையில்தான் இருக்கும்: நாளைக்கு 200 மெயில், அதுவும் முன்கூட்டிச் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். அதை விலக்கக் கேட்டு விண்ணப்பித்து, கிடைத்த பிறகே வெப்சைட்டில் இணையுங்கள். திருவிழாவுக்கு முந்தின நாள் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

எல்லாம் சரியான பிறகும், புக்கிங் விவரத்தை அட்மின் பக்கத்திலும் சேமிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். மெயில் மட்டுமே ஒரே பதிவாக இருப்பது எனக்கு எப்போதும் ஆபத்தாகவே படும்.

தடைக்காலம் முடிந்ததும் எல்லா பார்ட்டிக்கும் விலைப்பட்டியல் அனுப்புகிறோம். அப்போது மட்டும் ஸ்பேமில் விழுகிறது. ஏன்?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகு வரத்து இருந்தாலும் கம்பெனி மெயில் போக்குவரத்து அந்த இரண்டு மாதம் இறங்கிவிடும். அப்புறம் ஜூன் மூன்றாம் வாரம் ஒரே காலையில் நூற்றுக்கணக்கான பேருக்கு ஒரே பி.டி.எஃப். போகும்.

எதிர்ப்பக்க சர்வருக்குத் தடைக்காலம் தெரியாது. அது பார்ப்பது, சமீப வாரங்களில் இந்த டொமைனும் இந்த ஐ.பி.யும் எவ்வளவு அனுப்பின, மக்கள் திறந்தார்களா, பதில் போட்டார்களா, ஸ்பேம் என்று அழுத்தினார்களா என்பதைத்தான். சத்தமே இல்லாமல் இருந்த டொமைன் திடீரென்று மொத்தமாக அனுப்புவது, பாஸ்வேர்ட் திருடுபோன கணக்கு நடந்துகொள்ளும் விதம். அதனால் தள்ளி நிறுத்துகிறது.

ஆகவே தடைக்காலத்திலும் முழுக்க மௌனமாக இருக்காதீர்கள். ஸ்டாக் நிலவரம், சீசன் எதிர்பார்ப்பு என்று வழக்கமான பார்ட்டிகளுக்கு அவ்வப்போது எழுதுங்கள். ஜூனில் முதல் நாள் உங்களுக்குத் தவறாமல் பதில் போடுகிறவர்களுக்கு மட்டும் விலைப்பட்டியல் அனுப்புங்கள். மற்றவர்களுக்கு அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். புது டொமைன் தொடங்கியவர்களுக்கும் புது சேவைக்கு மாறியவர்களுக்கும் இதே முறைதான்.

பழைய வாடிக்கையாளர் எல்லோருக்கும் சலுகை மெயில் அனுப்பலாமா? விலைக்கு லிஸ்ட் தருகிறோம் என்றும் ஒருவர் வருகிறார்.

லிஸ்ட் வாங்காதீர்கள். அதில் செத்துப்போன முகவரிகளும், ஸ்பேம்காரரைப் பிடிக்கவென்றே வைத்திருக்கும் பொறி முகவரிகளும் கலந்திருக்கும். ஸ்பேம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்களில் பெயர் ஏற இது போதும். ஏறிவிட்டால், காரணத்தை முதலில் சரிசெய்துவிட்டு அவர்கள் தளத்திலேயே நீக்கக் கேளுங்கள். சரிசெய்யாமல் கேட்டால் மறுபடி ஏறிவிடும்.

பழைய வாடிக்கையாளர்களுக்கு, அவர்கள் சம்மதித்திருந்தால் அனுப்பலாம். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத்தான் முன்வைக்கிறது. என்றோ தர்ப்பணத்துக்கு வந்து ஒரு ராத்திரி தங்கிப்போனவருக்கு மாதாமாதம் ஆஃபர் அனுப்பினால் அவர் ஸ்பேம் பொத்தானைத்தான் தேடுவார். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இதில் கறார்: ஸ்பேம் என்று புகார் செய்கிறவர்கள் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது, 0.1க்குக் கீழே இருந்தால் நல்லது. அதாவது ஆயிரத்தில் மூன்று பேர் கோபப்பட்டால் போதும். நாளொன்றுக்கு 5000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும். விளம்பர மெயிலில் ஒரே தட்டலில் விலகும் வசதி வேண்டும். மைக்ரோசாஃப்ட்டும் 2025 மே முதல் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு அதே 5000 கணக்கில் இந்த மூன்றையும் கட்டாயமாக்கியது. இங்கே யாரும் 5000 அனுப்பப் போவதில்லை என்றாலும், விலகும் வசதியை மறைக்காமல் வையுங்கள். விலகிப்போகிறவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார்.

பி.சி.சி.யில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி போடும் இடம்) இருநூறு பேரைப் போட்டு அனுப்பும் பழக்கத்தையும் விடுங்கள். புக்கிங் உறுதி, பில் போன்ற அவசிய மெயில்களை ஒரு துணை டொமைனிலிருந்தும் (உங்கள் டொமைனுக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த பெயர்), சலுகை மெயில்களை வேறொரு துணை டொமைனிலிருந்தும் அனுப்பினால், ஒன்றின் கெட்ட பெயர் மற்றதைப் பெருமளவு தொடாமல் இருக்கும்.

அலுவலகத்திலேயே சொந்தமாக மெயில் சர்வர் வைக்கலாமா?

வேண்டாம். வீட்டு, கடை பிராட்பேண்ட் ஐ.பி.க்கள் மாறிக்கொண்டே இருக்கும், 25ஆம் போர்ட் பல இடங்களில் அடைக்கப்பட்டிருக்கும், ஐ.பி.யிலிருந்து பெயரைக் காட்டும் பி.டி.ஆர். பதிவு உங்கள் கையில் இருக்காது. அந்த வகை ஐ.பி.க்களைப் பெரிய சர்வர்கள் பார்த்ததுமே மறுத்துவிடும். கரண்ட் போவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

எங்கள் பெயரில் "பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, பணத்தை இங்கே அனுப்புங்கள்" என்று பையருக்கு மெயில் போயிருக்கிறது. எப்படி?

ஏற்றுமதிக்காரர்கள் மிகவும் பயப்பட வேண்டிய விஷயம் இது. மூன்று வழிகளில் நடக்கிறது, மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

ஒன்று, உங்கள் டொமைனையே அப்படியே போட்டுப் பொய்யாக அனுப்புவது. இதை டிமார்க் ரிஜெக்ட் தடுக்கும். இரண்டு, ஒரே ஒரு எழுத்து மாறிய டொமைனைப் புதிதாக வாங்கி அனுப்புவது. அந்த டொமைனுக்கு அவன் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். எல்லாம் பக்காவாக வைத்திருப்பான். உங்கள் டிமார்க்கால் அவனை ஒன்றும் செய்ய முடியாது. மூன்று, உங்கள் அலுவலகத்தில் யாருடைய பாஸ்வேர்டையோ திருடி, உண்மையான பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது. கண்டெய்னர் கிளம்பும் வரை பேசாமல் படித்துக்கொண்டிருப்பான். பில் போகும் நாளில் கணக்கு எண்ணை மாற்றி அனுப்பிவிட்டு, பையரின் பதில்கள் உங்கள் கண்ணில் படாதபடி வேறு ஃபோல்டருக்குத் திருப்பும் விதி ஒன்றையும் போட்டிருப்பான். அந்த மெயில் எல்லாச் சோதனையிலும் தேறும், ஏனென்றால் அது நிஜமாகவே உங்கள் பெட்டியிலிருந்து போனது.

அதனால் எல்லாக் கணக்குக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வையுங்கள். ஃபார்வர்ட் விதிகளையும் ஃபில்டர்களையும் அவ்வப்போது திறந்து பாருங்கள். முக்கியமாக, பேங்க் விவரம் மாறினால் போனில் கூப்பிட்டுச் சொல்வோம், மெயிலில் மட்டும் சொல்ல மாட்டோம் என்று ஒவ்வொரு பையரிடமும் முதல் ஆர்டரிலேயே பேசி வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே இரண்டு பக்க பேங்க்கிற்கும் சொல்லி, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். மணிக்கணக்கில் யோசித்தால் பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டிவிடும்.

கேட்ச் சர்டிபிகேட், ஹெல்த் சர்டிபிகேட் எல்லாம் ஸ்கேன் செய்து ஒரே மெயிலில் அனுப்பினால் போகமாட்டேன் என்கிறது.

ஜிமெயிலில் வரம்பு 25 எம்.பி. ஆனால் இணைப்புகளை எழுத்தாக மாற்றித்தான் மெயில் அனுப்புகிறது; அதில் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 20 எம்.பி. கோப்பே வரம்பைத் தொட்டுவிடும். கலரில் 600 டி.பி.ஐ. ஸ்கேன் தேவையில்லை, 200 போதும். பாஸ்வேர்ட் போட்ட ஜிப் கோப்பைத் தவிருங்கள். உள்ளே பார்க்க முடியாததால் பல சர்வர்கள் அதை நிறுத்திவைக்கும்.

சப்ஜெக்ட் தமிழில் இருந்தால் ஸ்பேமுக்குப் போகுமா?

போகாது. யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், அவ்வளவுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து ஒட்டினால் எதிர்ப்பக்கம் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், அதைப் பார்த்து யாரும் திறக்க மாட்டார்கள்.

வாங்குகிறவர் திறந்தாரா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

உறுதியாக முடியாது. மெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்தை வைத்து, அது இறங்கினால் திறந்ததாகக் கணக்கு வைப்பார்கள். ஆப்பிள் 2021 முதல் தன் மெயில் ஆப்பில் அந்தப் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவிடும் வசதியைக் கொடுத்தது. திறக்காதவரும் திறந்ததாகக் கணக்கில் வருவார். பதில் வந்ததா என்பதையே கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிங் சரியா என்று பார்க்க, உங்கள் கம்பெனி முகவரியிலிருந்து ஒரு ஜிமெயிலுக்கு அனுப்பி, கம்ப்யூட்டரில் திறந்து, "ஷோ ஒரிஜினல்" என்பதைத் தட்டுங்கள். மூன்று சோதனையிலும் பாஸ் என்று இருக்க வேண்டும். வெப்சைட், பில்லிங் சாப்ட்வேர், விளம்பர சேவை என்று மெயில் கிளம்பும் ஒவ்வொரு இடத்திலிருந்தும் தனித்தனியாக இதைச் செய்யுங்கள். ஒன்று பாஸ் ஆனதால் மற்றதும் ஆகும் என்று இல்லை.

மெயில் கம்பெனியை மாற்றுகிறோம். இடையில் மெயில் தொலையுமா?

அவசரப்பட்டால் தொலையும். டி.என்.எஸ். பதிவுகளுக்கு டி.டி.எல். என்று ஒரு காலக்கெடு உண்டு. அதுவரை மற்ற சர்வர்கள் பழைய விவரத்தையே நினைவில் வைத்திருக்கும். மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே அதை 300 வினாடிக்குக் குறைத்துவிட்டு, அப்புறம் எம்.எக்ஸ்.ஸை மாற்றுங்கள். பழைய கணக்கை ஒரு மாதமாவது மூடாதீர்கள். எஸ்.பி.எஃப். வரியிலும் பழையது, புதியது இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். பழைய வழியில் எதுவும் போகவில்லை என்று டிமார்க் அறிக்கையில் தெரிந்த பிறகு பழையதை எடுத்துவிடலாம்.